பிறப்பால் கார், பிழைப்பால் லாரி

சித்தப்பா, இன்று தேக்கா சந்தை வாசலில் நீங்கள் பூ ஏற்றும் வேனைப் போலவே ஒரு வெள்ளை வேன் நின்றது. மல்லிகை வாசனைகூட வந்தது. பின்கதவு திறந்திருக்கவே, தரையில் அந்தக் கறுப்பு மூடிகள் இருக்கின்றனவா என்று எட்டிப் பார்த்தேன். வேன்காரர் முறைத்தார்.

உங்கள் வேனில் அந்த மூடிகளைக் கண்டுபிடித்தவன் நான்தானே.

“மூடிக்குக் கீழே சீட் பெல்ட் மாட்டுற ஓட்டைடா அது. இது பிறப்பால கார், பிழைப்பால லாரி,” என்று சிரித்தீர்கள்.

கம்பெனியே காரின் பின்சீட்டைக் கழற்றி, தரையைத் தட்டையாக்கி, பின்ஜன்னல்களை அடைத்துச் சரக்கு வண்டியாக விற்கிறது என்றீர்கள். அமெரிக்காவில் காரைக் கொஞ்சம் உயர்த்தி, பின்சீட்டை மடக்கினால் தரை சமமாகும்படி செய்து, லாரி வகையில் சேர்த்துவிடுவார்களாம். லாரிக்கு எரிபொருள் சட்டம் லேசாம்.

“அப்போ மாறுவேடப் போட்டியா?”

“ஆமா லா. யூனிபார்ம் போட்டுக்கிட்டு நீ மாணவன் ஆகலையா?”

அதற்குப் பதிலடி கொடுக்க வேண்டாமா? காருக்குப் பழைய ஞாபகம் வரட்டும் என்று பின்னால் மெத்தை போட்டேன். என் கரடிப் பொம்மையை உட்காரவைத்து, பள்ளிப்பையின் ஒரு வாரை அறுத்து, அந்த ஓட்டைகளில் போல்ட் போட்டுப் பெல்ட்டாக இறுக்கினேன். மறுநாள் காலை வண்டிக்குப் பரிசோதனை என்று எனக்குத் தெரியாது. நீங்களும் பின்னால் பார்க்காமலே ஓட்டிப் போய்விட்டீர்கள்.

சரக்கு வண்டியில் பின்சீட்டா என்று பரிசோதனை நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று கேலாங்கில் நடந்த கல்யாணத்துக்கு மாலைகள் தாமதமாகப் போயின. அந்த வீட்டார் அதன்பிறகு உங்களிடம் பூ வாங்கவேயில்லை.

நீங்கள் கத்தியிருக்கலாம். “இனி என் வண்டிப் பக்கம் வராதே” என்று மட்டும் சொன்னீர்கள். அம்மாவிடம்கூடப் போட்டுக்கொடுக்கவில்லை.

மூன்று வாரம். கைப்பேசியில் எழுதி எழுதி அழித்தேன். ஊரையே கலாய்க்கிற வாய்க்கு ஒரு ‘சாரி சித்தப்பா’ வரவில்லை. அதற்குள் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து, வேனைக் காலி செய்யச் சித்தி என்னை அனுப்பினார். கதவைத் திறந்தால், முன்சீட்டில் கரடி. ஒழுங்காகப் பெல்ட் போட்டு, கழுத்தில் காய்ந்த மல்லிகைச் சரத்தோடு.

“மூணு வாரமா அதோடதான் சுத்துனாரு,” என்றார் சித்தி. “என்னங்க இதுன்னு கேட்டா, ‘முன்னாடி உட்கார்ந்தா சட்டப்படி சரி லா. அவன் வர்ற வரைக்கும் சீட்டுப் பிடிச்சு வைக்கட்டும்’னாரு.”

கரடி இப்போது என் மேசையில். ஒற்றை வார்ப் பையைத்தான் இன்னும் சுமக்கிறேன். அம்மா புதிது வாங்கித் தருகிறேன் என்றாலும் நான் மாற்றவில்லை. பஸ்ஸில் பையைப் பக்கத்துச் சீட்டில் வைப்பேன். யாராவது உட்கார இடம் கேட்டால் எடுத்துவிடுவேன், சித்தப்பா. கேட்கும்வரை அது உங்கள் இடம்.