வீரைக் கரி

சென்னை
3.9.2024

கண்ணு கார்த்திகாவுக்கு,
உங்கப்பன் வீட்டு மூன்றாவது மாடியில் சுகமாகத்தான் அடைபட்டிருக்கிறேன். போனில் எனக்குக் காது கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். பட்டணத்தில் படம் வரைய வரவில்லை என்று என் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனாயே, அங்காவது வருகிறதா? ஒன்று மட்டும் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் உன் தாத்தாவின் தம்பி பெண்டாட்டிதான். இருந்தாலும் அவள் கையால் தண்ணீர்கூட வாங்காதே. ஊர்க் கூட்டத்தில் உன் தாத்தாவை எல்லார் காலிலும் விழவைத்தவள்.
அப்பத்தா செவந்தி

கீரமங்கலம்
11.9.2024

என் அப்பத்தாவுக்கு,
வந்துவிட்டது! காலையில் அய்யனார் கோயில் காட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். வெளிச்சம் இலைக்கு இலை சொட்டி இறங்கியது. மண்குதிரைகள் அதைக் குடிப்பதுபோல் நின்றன. ஒரு வருஷமாக மரத்துக் கிடந்த கை தானாக நகர்ந்தது. கீழே கிடந்த வீரை மரத்துச் சுள்ளியைக் கொண்டுவந்து, அடுப்பில் சுட்டுக் கரியாக்கி வரைந்தேன். இப்படி ஒரு கறுப்பை எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. இனி இங்கேதான் இருப்பேன்.
உன் கார்த்திகா

சென்னை
15.9.2024

அடிப் பாவி மகளே,
அந்தக் காட்டில் உதிர்ந்த சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாதடி! காலொடிந்த கன்றுக்கு வைத்துக் கட்ட உன் தாத்தா ஒரு குச்சி எடுத்தார். "மச்சான் சாமி காட்டுல கைய வச்சுட்டாக" என்று கூட்டத்தில் சொன்னவள் பொன்னுத்தாய். வேட்டியெல்லாம் மண்ணாக அவர் விழுந்து எழுந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உன்னையும் விடமாட்டாள். அவள் பார்க்கும் முன்னே பஸ் ஏறிவிடு.
அப்பத்தா

கீரமங்கலம்
21.9.2024

அப்பத்தா,
உன் கடிதம் வருமுன்னே சின்ன அப்பத்தா பார்த்துவிட்டார். என் கையெல்லாம் கரி.
"எங்கிட்டு எடுத்த?"
சொன்னேன். "ஊர்ல சொல்லீருவீங்களா?"
"ஊருக்கு என்னத்துக்கு? எடுத்த எடத்துல வச்சுரு. நானும் வாரேன், நட."
மிச்சக் கரியையும் படத்தையும் வீரை மரத்தடியில் வைத்தோம். மழை பிடித்தது. படம் கரைந்து, கறுப்பு மெல்ல வேருக்குள் இறங்கியது. அழுகை வரவில்லை. நான் விட்ட இடத்திலிருந்து காடு வரைவதுபோல் இருந்தது.
மறுநாள் மதில்மேல் ஒரு பொட்டலம். அவர் தோட்டத்துப் புளியங்குச்சியைச் சுட்ட கரி. "இது எங்க மரம். ஒரு பய கேக்க முடியாது" என்றார். நீ தண்ணீர்கூட வாங்காதே என்றாயே, தொடாமல் வைத்திருக்கிறேன். கிளம்பட்டுமா, இருக்கட்டுமா?
கார்த்திகா

சென்னை
27.9.2024

கார்த்திகா,
தண்ணீர்தான் வாங்காதே என்றேன். கரியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே. இரு.
அந்தக் கரியால் எனக்கு அந்தக் கன்றை வரைந்து அனுப்பு. சாய்ந்து சாய்ந்து நடந்தாலும் பிழைத்துக்கொண்டது. எந்தக் காலில் கட்டு, நெற்றியில் வெள்ளை எந்தப் பக்கம் என்பதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருந்தாலும் அவளிடமே கேள்.
அப்பத்தா