பெரிய தெருவில் சறுக்கு பூட்ஸ்

சேசு மரி சூசை

ஜெயங்கொண்டம் தபால்,
14-3-48, ஞாயிறு.

அன்பு மகள் லீலா மேரிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் இருமலையும் என் வாயையும் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே பனியையும் துரைசானியின் கோபத்தையும் தவிர மற்றதெல்லாம் உனக்கும் சுகமாக இருக்க அடைக்கல மாதாவை வேண்டிக்கொள்கிறேன். தாவோஸிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய், கப்பல் ஏறி ஊருக்கு வந்தால் பெரிய தெருவில் இன்னும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டுமா, அப்படியென்றால் நான் வரவில்லை, துரைசானியோடு இங்கிலாந்துக்கே போய்விடுகிறேன் என்று. சுதந்திரம் வந்து ஏழு மாதம் ஆகப்போகிறது, பெற்ற மகளுக்கு இதற்கு ஒரு வரி பதில் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் பேனாவை வைத்துவிட்டுக் காலால் பதில் சொல்லிப் பார்த்தேன். அந்தக் கதையை எழுதத்தான் இந்தக் கடிதம், ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் உனக்குச் சிரிப்பு வரும்.

நீ போனதிலிருந்து நம் தெருவுக்கு ஒரு புது வியாதி. துரை நெஞ்சு நோய்க்குக் காற்று மாற்ற சுவிஸ் நாட்டுக்குப் போகிறார், கைக்குழந்தைக்கு ஆயா வேண்டும் என்று பொன்மலையிலிருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவருடைய மூத்த மகள் ரோசலின் பனிக்கட்டி மேல் சறுக்கி ஆடுகிறவள், குழந்தையைத் தூக்குகிற நேரம் போக அவளுடைய பூட்ஸையும் நீதான் தூக்க வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்கு யாருக்குத் தெரியும்? இப்போது அவள் எந்த நாட்டில் காலைத் தூக்கினாலும் நம் தெருவுக்கு மூச்சு நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேப்பமரத்தடியில் நான் உன் கடிதத்தை உரக்க வாசிக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆண்டாயிக்குப் பந்தயம் நடந்த பிராகு நகரம் என்றால் உடையார்பாளையம் தாண்டி அடுத்த நிறுத்தம். முதல் நாள் ஆட்டமே கிடையாது, காலால் எட்டுப் போட வேண்டும், போட்ட எட்டின் மேலேயே கோடு பிசகாமல் திரும்பத் திரும்பப் போக வேண்டும், பிறகு கம்பளிக் கோட்டுப் போட்ட நடுவர்கள் குனிந்து அந்தக் கோட்டை உற்றுப் பார்த்து மார்க்கு போடுவார்கள் என்று நீ எழுதியதை வாசித்தபோது ஆண்டாயி எழுந்து நின்று, "களத்துல நம்ம மாடு சுத்தாத சுத்தாடி? அது காலடியக் குனிஞ்சு பாத்து ஒரு பய மார்க்கு போட்டதுண்டா?" என்று கேட்டாள். அதோடு அன்றைக்குச் சபை கலைந்தது.

துரைசானி போட்ட ஏற்பாடு உனக்குத் தெரிந்ததுதான். ரோசலின் தாவோஸில் முன்னுக்கு வந்துவிட்டால் அமெரிக்காவில் பனிக்கட்டி நாடகம் நடத்துகிறவன் அவளை எடுத்துக்கொள்வான், குடும்பத்தோடு நீயும் அங்கே போக வேண்டும், வருவது எந்தக் காலமோ. தோற்றுவிட்டால் அவர்கள் இங்கிலாந்துக்கு, உனக்கு ஊருக்குக் கப்பல். இதை அறியாமல் பங்குசாமியார் மாதந்தோறும் பூசையில் நம் ஊர்ப் பெண் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை வெற்றி பெற ஜெபிப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோயில் முழுக்க முழங்காலில் நின்று அவள் ஜெயிக்க வேண்டும் என்று ஜெபிக்கும், நான் மட்டும் அவள் விழ வேண்டும் என்று ஜெபிப்பேன். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தியும் ஏற்றினேன். எலும்பு முறியக் கூடாது தாயே, வலிக்கவும் கூடாது, பலகை இருக்கிறது என்று நினைத்து உட்காருகிற மாதிரி விழுந்தால் போதும் என்று தெளிவாகத்தான் கேட்டேன். உன் அப்பா பக்கத்திலேயே இன்னொரு மெழுகுவத்தி ஏற்றினார். எதற்கு என்று கேட்டால், "பாவம்டி, அந்தப் புள்ளயும் பனியில கெடந்து கஷ்டப்படுதே, ஜெயிச்சிட்டுப் போவுது" என்கிறார். பெற்ற மகள் வீட்டுக்கு வருவதைவிட வெள்ளைக்காரப் பிள்ளையின் கஷ்டம் பெரிதாகப் போயிற்று இவருக்கு. மாதா யார் பேச்சைக் கேட்பாள்?

பிராகில் ரோசலினுக்குக் கிடைத்த மார்க்கு ஐந்தும் சில்லறையும் என்று நீ எழுதினாயே, அன்றைக்கு நான் அடித்த கூத்தை இப்போதாவது தெரிந்துகொள். நான் பள்ளிக்கூடத்தில் நூற்றுக்குத் திருத்துகிறவள். நூற்றுக்கு ஐந்து வாங்கும் பிள்ளையை எந்த மாதாவாலும் தேற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். பிள்ளை ஃபெயில், மகள் வருகிறாள் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன், உன் கட்டிலுக்குப் புதுக் கயிறு பின்னினேன், சாமியாரிடம் போய், "அந்தப் புள்ள தேறாது சாமி, ஜெபத்த நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருவே துக்கம் விசாரித்தது. ஆண்டாயி, "அஞ்சு மார்க்கு வாங்கவா அத்தன கம்பளியும் பூட்ஸும்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த கடிதத்தில்தான் ஆறுக்கு ஐந்து என்று வருகிறது. ஆறுக்கு மார்க்கு போடுகிற தேசத்தில் கணக்கு வாத்தியார் யாரும் இல்லையா? சுண்ணாம்பின் ஈரம்கூடக் காயவில்லை. உன் அப்பா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து வெந்நீர் வைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

செயின்ட் மோரிட்ஸில் கொடி ஏற்றி ஒலிம்பிக் பந்தயம் தொடங்கிய அன்றைக்குத்தான் இங்கே காந்தியைச் சுட்டுவிட்டார்கள். அந்த வாரம் மரத்தடியில் யாரும் மார்க்கு கேட்கவில்லை. பெரிய தெருவில் காசிநாதன் தன் வாசலில் காந்தி படம் வைத்து மாலை போட்டு விளக்கேற்றியிருந்தார். அந்தப் படத்துக்கு முன்னாலும் நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவருடைய பேரன் வகுப்பில் என்னை டீச்சர் என்கிறான், தெருவில் ஏ புஷ்பம் என்கிறான், இரண்டுக்கும் நடுவில் நூறு கஜம்கூட இல்லை.

பிறகு தாவோஸ். ரோசலின் துள்ளி இறங்கும்போது உட்கார்ந்துவிட்டாள், எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே மீதியை ஆடி முடித்தாள், உள்ளே வந்துதான் உன் தோளில் சாய்ந்து அழுதாள் என்று எழுதியிருந்தாய். உட்காருகிற மாதிரி! மாதா ஒரு சொல் பிசகாமல் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணிடம் என் பெயரை மட்டும் சொல்லிவிடாதே. அவள் எழுந்து மீதியையும் ஆடினாள் என்ற இடத்தை மட்டும் ஆண்டாயி மறுபடி வாசிக்கச் சொன்னாள், நானும் வாசித்தேன். உனக்குச் சித்திரையில் பம்பாய்க்குக் கப்பல் என்பதைத் தெருவே கேட்டுக் கைதட்டியது. அதற்குக் கீழே இருந்த உன் கேள்வியை நான் சத்தமாக வாசிக்கவில்லை, கடிதத்தை மடித்துவிட்டேன்.

இனி பூட்ஸ். தெரு பார்க்கட்டும் என்று ரோசலினின் பழைய ஜோடியை இந்தப் பக்கம் வந்த கன்னியாஸ்திரீ அம்மாளிடம் நீ கொடுத்தனுப்பியது முன்பே வந்து சேர்ந்திருந்தது. அடியில் இருந்த இரும்பைப் பார்த்ததும் அப்பா ஆசாரியிடம் கொண்டுபோய்த் திருகாணியைக் கழற்றிவிட்டார். ஒன்றைக் கட்டையில் அடித்து அரிவாள்மணை செய்தாயிற்று, வெங்காயம் கண்ணீர் வருமுன் துண்டாகிவிடுகிறது. இன்னொன்றின் முனையில் பல் பல்லாக இருந்ததால் அதில் ஆண்டாயி தேங்காய் துருவுகிறாள். ரோசலின் கேட்டால் பத்திரமாக இருக்கிறது என்று சொல். மிச்சம் இருந்தது வெள்ளைத் தோல் பூட்ஸ், கெண்டைக்கால்வரை உயரம், அடியிலிருந்து மேல்வரை துளை துளையாகக் கயிறு. உன் கேள்வியை வாசித்த மறுநாள் திங்கட்கிழமை, விரல் பக்கம் குன்னம் ஊர்ப் பருத்தியை அடைத்து அதை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். மாசி வெயிலில் கால் இட்லி மாதிரி வெந்தது, அதை விடு. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு ஆண்டாயியோடு பின்னாலேயே வந்தார்.

காசிநாதன் வீட்டுக்கு நேராக, அவருடைய ஆள் அங்கமுத்து குறுக்கே வந்தான். "ஏ புஷ்பம், என்னா இது கால்ல? யாரு தெருன்னு மறந்துபோச்சா? கழட்டு" என்றான். பயப்படவில்லை என்று எழுதினால் பொய். அடிப்பான் என்று நினைத்தேன். முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன், ஆனால் நின்ற இடத்தில் வேறு புத்தி வந்தது. "கழட்டிடுறேங்க" என்று சொல்லி நடுத்தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முடிச்சை அவிழ்த்தேன். ஒரு துளையிலிருந்து கயிற்றை உருவினேன், நீவி நேராக்கி மடிமேல் வைத்தேன். அடுத்த துளை. பிறகு அடுத்தது. "சீக்கிரம் ஆவட்டும்" என்றான். "சீமைப் பூட்ஸுங்க, இழுத்தா தோலு கிழிஞ்சிடும், தொரைசானிக்கு யாரு பதில் சொல்றது?" என்றேன். பெரிய தெருப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். காசிநாதனின் மருமகள் செங்கமலம், "இன்னும் எத்தன தொளை இருக்கு?" என்று என்னிடமே கேட்டாள். ஒரு பூட்ஸ் கழன்றது, உள்ளேயிருந்து பருத்தி வெளியே வந்தது, பிள்ளைகள் முயல்குட்டி என்று கத்தின. இன்னொன்றுக்குக் கை வைக்கும்போதுதான் பின்னால் மணிச்சத்தம். காசிநாதனின் வில்வண்டி. அவருக்குக் கும்பகோணத்தில் வாய்தா, ஜெயங்கொண்டத்தில் பஸ் பிடிக்க வேண்டும். தெருவில் ஒரு பக்கம் வைக்கோல் வண்டியை அவிழ்த்துப் போட்டிருந்தார்கள், மறு பக்கம் நான்.

"எவ அவ நடுவுல? வழிய விடு!" என்று உள்ளேயிருந்து குரல். "கழட்டச் சொன்னாருங்க ஐயா, கழட்டிக்கிட்டு இருக்கேன்" என்றேன். "சரிதான், எந்திரிச்சு ஓரமாப் போ" என்றார். "ஒத்தக்கால்ல பூட்ஸோட உங்க தெருவுல நடந்தா மரியாத இல்லீங்களே, முழுசாக் கழட்டிட்டே போயிடுறேன்" என்று அடுத்த துளையை உருவினேன். அங்கமுத்து கையைப் பிசைகிறான், ஒரு பெண்ணின் காலைத் தொட்டு இழுக்க அவனுக்கும் தைரியமில்லை, அதிலும் நம் தெருக் காலை. கடைசியில் காசிநாதன் வண்டியிலிருந்து தலையை நீட்டி, "பஸ்ஸு போயிரும்டா டேய்! பூட்ஸப் போட்டுக்கிட்டே போய்த் தொலையட்டும்!" என்று கத்தினார். பின்னாலிருந்து நம் ஆண்டாயி, "ஐயா என்னா சொன்னாங்க? காதுல விழலீங்க!" என்றாள். அவர் இன்னும் சத்தமாக, தெருக்கோடிவரை கேட்க, "பூட்ஸோட போன்னேன்!" என்றார். நான் கழற்றியதை மாட்டிக்கொண்டு, கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டு, பூட்ஸோடு நடந்தேன். நான் போன பிறகு அங்கமுத்து குனிந்து புழுதியில் பதிந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றானாம், நீ எழுதிய நடுவர் மாதிரியே. அப்பா சாயங்காலம் ஐந்தே முக்கால் மார்க்கு போட்டார். கால் மார்க்கு எங்கே என்றேன். "எந்திரிக்கிறப்ப கொஞ்சம் தடுமாறுனடி" என்றார்.

மறுநாள் அங்கமுத்து வந்தான், ஐயாவே பூட்ஸோட போகச் சொல்லியிருக்காங்க என்றேன், தெருவே கேட்டிருந்ததால் விலகி வழிவிட்டான். சிரிப்போடு முடிந்தது என்று எழுத ஆசைதான். அன்றைக்கே அப்பாவைக் காசிநாதனின் முந்திரிக்காட்டு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், பழம் பழுத்து உதிர்கிற நேரம் பார்த்து. இப்போது வரதராஜன்பேட்டைப் பக்கம் விடியலில் நடந்து போய் வேலை செய்துவிட்டு வருகிறார், இருமல் அதனால்தான். நான் மன்னிப்புக் கேட்கட்டுமா என்று ஒரே ஒரு தரம் கேட்டேன். அவர் கோபமாக என்னைப் பார்த்தது எங்கள் கல்யாணமாகி அதுதான் முதல் தடவை. பூட்ஸ் இப்போது முறை வைத்துச் சுற்றுகிறது, எதற்கும் பயப்படுகிற நம் தெருச் செல்வம்மாள்கூட ஒரு நாள் போட்டுக்கொண்டு போய்வந்தாள். நேற்று முறைக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆண்டாயி தன் தேய்ந்த செருப்பையே காலோடு சேர்த்துத் தேங்காய்நார்க் கயிற்றால் முழங்கால்வரை இறுக்கிக் கட்டி, வழியெல்லாம் முடிச்சுப் போட்டுக்கொண்டு பெரிய தெருவில் இறங்கினாள். அங்கமுத்து அந்த முடிச்சுகளைப் பார்த்தான், பின்னால் வந்த பாரவண்டியைப் பார்த்தான், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இதுதான். கழற்றச் சொல்வார்கள். சொல்ல மாட்டார்கள் என்று ஆசை காட்டி உன்னைக் கப்பல் ஏற்ற மாட்டேன். அந்தத் தெரு இன்னும் அவர்களுடைய தெருதான், நாங்கள் புழுதியில் கொஞ்சம் தடம் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான், காற்றடித்தால் அதுவும் போகும், மறுபடி போட வேண்டும். நீ இங்கிலாந்துக்குப் போனாலும் உன்மேல் எனக்குக் கோபமில்லை. இனி மெழுகுவத்தி ஏற்றி உன் வழியில் யாரையும் விழவைக்கவும் மாட்டேன். ஆனால் அங்கே போனால் காலமெல்லாம் அடுத்தவள் பூட்ஸைத் தூக்குவாய், இங்கே வந்தால் உன் பூட்ஸுக்காக நீயே நடுத்தெருவில் உட்கார வேண்டிவரும். இரண்டில் எது என்று நீ பார்த்துக்கொள். வருவதாக இருந்தால் துளை அதிகம் உள்ளதாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வா.

தவக்காலம் முடியும்வரை வெள்ளிக்கிழமைகளில் கறி தொடாத சுத்தபோசனத்தை மறக்காதே, பனியில் ஈரத்தலையோடு வெளியே போகாதே, கப்பலானாலும் ரயிலானாலும் பெட்டிச் சாவியை யாரிடமும் கொடுக்காதே. எந்த ஊர் மண்ணில் இறங்கினாலும் மாதா உன் காலுக்கு முன்னால் நடக்கட்டும்.

இன்றைக்குப் பூட்ஸ் என் முறை, கழற்றாமலே உட்கார்ந்து எழுதும்
உன் அம்மா,
மரிய புஷ்பம்.

பி.கு. உன்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அப்பா தன் பங்குக்கு ஒன்றும் எழுத வேண்டாம் என்றார். மடிக்கப் போகும்போது திரும்பி வந்து, சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று மட்டும் எழுதச் சொன்னார்.