அப்பாவின் கட்சிக்காரன்

ஜூலை 14, செவ்வாய்

அப்பாவின் கட்சிக்காரன்போல ஒரு ஃபேக் ஐடி வைத்திருக்கிறேன். அந்தக் கட்சிக்காரர்களை முட்டாள்களாகக் காட்டத்தான். காலையில் அதில், 'வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டாலும் பரவாயில்லை, தலைவருக்காக இந்தக் குறுவையை விட்டுக்கொடுப்போம்' என்று எழுதினேன்.

மதியம் வயலிலிருந்து வந்த அப்பா, கால் சேற்றைக்கூடக் கழுவாமல் போனை நீட்டினார்.

"இவன் நம்ம கட்சியே இல்லடா. எவனோ வேஷம் போடுறான்."

"எப்படிப்பா சொல்றீங்க?"

"நம்மாளா இருந்தா தண்ணி வரலன்னா மொதல்ல தலைவரத்தான் திட்டுவான். நீ படிச்சவனாச்சே, யாருன்னு கண்டுபிடி."

"பாக்குறேம்ப்பா."

அவர் மடையில் நின்று தலைவரைத் திட்டுவதைக் கேட்டே வளர்ந்தேன். எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை.

ஐடியை இப்போது அழித்துவிட்டேன். காலையில் கேட்பார்.