இடது காதில் சொல்

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் வீட்டிலும் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒன்பது வருடம் கழித்து அக்காவுக்கு என்ன ஞானோதயம் என்று மூக்கின்மேல் விரலை வைக்காதே. உன் போன் நம்பரை அன்றைக்கே அழித்துவிட்டேன். முகவரி மட்டும் மனப்பாடமாக நின்றுவிட்டது. அதனால்தான் கடிதம்.

நம் கால்பந்து அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது! கடைசியாக வந்து இருபத்தாறு வருடம் ஆயிற்று. இருபத்தைந்தாம் தேதி மாலை ஆட்டம். எனக்கு வேலையே ஓடவில்லை. நேற்றுக் கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு வலது கண் வில்லையை இடது பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டேன். போட்டுப் பார்த்தவர், "ஏம்மா, உங்க கடைக்கு ரெண்டு வாசலா?" என்று கேட்டார். முதலாளி பல்லைக் கடித்தார்.

இரண்டு டிக்கெட் கைவசம் இருக்கிறது. உன்னை மன்னித்துவிட்டதாகக் கனவு காணாதே. எனக்குப் பெனால்டி சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து நான் ஒரு பெனால்டியையும் கண்ணால் பார்த்தவள் இல்லையே. மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடி, காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன். நீதான் என் கையை இழுத்துக் காதில் சொல்வாய்: பந்து எந்தப் பக்கம் போனது, கீப்பர் எந்தப் பக்கம் விழுந்தான் என்று. இப்போது பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் வருகிறார். கேட்டால் "ஆச்சு" என்பார், இல்லையென்றால் "போச்சு" என்பார். மனுஷனுக்கு அதற்குமேல் வாய் திறக்காது.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தாய்? கடைசிப் பெனால்டி வெளியே போனது ஊருக்கே தெரியும். என் காதில் மட்டும் "கோல்" என்றாய். நான் குதித்தேன், கத்தினேன், முன்னால் நின்ற தடியரைக் கட்டிக்கொண்டேன். அவர் அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் திறந்தால் பெரிய திரையில் நான் ஆடிக்கொண்டிருக்கிறேன், மைதானமே சிரிக்கிறது. "புருஷன் போய் ரெண்டு மாசம் ஆகல, ஆட்டத்தப் பாரு" என்று உறவுக்காரர்கள் ஒரு வருடம் பேசினார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நான் இருந்தேன், தம்பி.

பதில் போடு. போடாவிட்டாலும் டிக்கெட் வீணாகாது, ஆட்கள் கியூவில் நிற்கிறார்கள்.

உன் அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை லிஃப்டுக்குள் நின்று படித்தேன். நான் பழுது பார்க்கப் போன லிஃப்ட். நாலு மாடிக்காரர்கள் கீழே கத்தினார்கள். "இன்னும் சரியாகல" என்று குரல் கொடுத்துவிட்டு இரண்டாம் முறையும் படித்தேன்.

கேட்டாய், சொல்கிறேன். கேலி செய்யவில்லை அக்கா. அத்தான் போன பிறகு நீ வீட்டைவிட்டு வெளியே வந்ததே அன்றைக்குத்தான். அந்த மனிதருக்குப் பந்து உருண்டையா சதுரமா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் உனக்காகக் குடையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வந்தார். அன்றைக்கு அந்தக் குடையை நீயே கொண்டுவந்திருந்தாய். பந்து வெளியே போனதும் உன் பக்கம் திரும்பினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாய். அந்த முகத்திடம் "போச்சு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொன்று போச்சு என்று நான் எப்படிச் சொல்வேன்? கோல் என்று வந்துவிட்டது. கேமரா திரும்பும் என்று எனக்கென்ன தெரியும்?

உண்மையைச் சொன்னால், "பரிதாபப்பட்டாயா?" என்று இன்னும் கோபப்படுவாய். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் ஓர் ஆட்டமும் பார்க்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் டிவி போட்டால் எண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நழுவிவிடுவேன். இறுதிப் போட்டிக்கு என்னை நம்பாதே அக்கா. திரும்பவும் உன் முகத்தைப் பார்த்துப் பொய்தான் சொல்வேன். வேறு நல்ல ஆளாகப் பார்.

என்றும் உன் தம்பி


மே 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆயிற்று. முதல் நாள் முழுக்கத் திட்டினேன். அடுத்த நாள் அழுதேன். இன்றைக்குத்தான் பேனாவை எடுக்க முடிந்தது.

மடையா, இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? யோசித்துப் பார்த்தால், அந்த வருடம் முழுவதும் நான் சிரித்தது அந்த அரை நிமிடம்தான். அதுவும் நீ கொடுத்தது. அதற்காக உன்னை ஒன்பது வருடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். என் புத்தியை என்ன சொல்ல?

உன்னிடம் சொல்லாத சங்கதி ஒன்று இருக்கிறது. போன மாதம் அரையிறுதியிலும் பெனால்டி வந்தது. வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றேன். பக்கத்துப் பெரியவரைக் காணோம், கழிப்பறைக்குப் போய்விட்டார். கையை இழுக்க ஆளில்லை. எவ்வளவு நேரம்தான் அப்படியே நிற்பது? திரும்பிவிட்டேன். பந்து கீப்பரின் கைக்கு அடியில் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். உயிர் போகவில்லை.

அதனால் இந்த முறை நாம் மாற்றிக்கொள்வோம். பெனால்டி வந்தால் நீ திரும்பி நில். நான் பார்த்துச் சொல்கிறேன். போனால் போச்சு என்றே சொல்வேன். ஆனால் சொல்லிவிட்டு உன் கையை விடமாட்டேன்.

டிக்கெட் இதனுடன் இருக்கிறது. மழை வரும் என்கிறார்கள். குடை என்னிடம் இருக்கிறது, நீ கொண்டுவர வேண்டாம்.

அன்புடன்,
அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

லீவு கிடைத்துவிட்டது. இருபத்தைந்தாம் தேதி காலை வண்டிக்கு வருகிறேன்.

இன்றைக்கு வேலைக்கு நடுவில், ஆளில்லாத லிஃப்டில் சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, காதைப் பொத்திப் பழகிப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் கண்ணைத் திறந்துவிட்டேன். இத்தனை வருடம் என்னை நம்பி இப்படியா நின்றாய் அக்கா?

ஒரு விஷயம். மெஷின் சத்தத்தில் எனக்கு வலது காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. ஆச்சோ போச்சோ, இடது காதில் சொல்.

உன் தம்பி