ஏறுகிற வண்டிக்கு வழி

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் காலை பஸ் வரவில்லை. ஆய்வுகூடத்துக்கு அரை மணி தாமதம். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கும் உத்தியோகம் பார்க்கிறவள், பஸ்ஸுக்காக வாயைப் பிளந்து நிற்பதா? மாலையில் அந்தக் கோபத்தோடே பலாங்கொடை மக்கீன் நானாவின் கார் விற்கிற சேலுக்குப் போனேன். எனக்குச் சும்மா உருளுகிற கார் வேண்டாம். பாய்கிற கார் வேண்டும்.

இரண்டு நின்றன. சிவப்பு சுவிஃப்ட் ஸ்போர்ட், வெள்ளை ஃபிட் ஆர்எஸ். ஒரே வயது, இரண்டிலும் கையால் போடுகிற ஆறு கியர், இழுவையும் ஏறக்குறைய ஒன்று.

"ரெண்டும் ஒண்டுதான் தங்கச்சி. உங்கட மனசு எதுல நிக்குதோ அத எடுங்க" என்றார் நானா.

பார்த்த உடனே சிவப்பில் நின்றுவிட்டது. அவரிடம் சொல்லவில்லை.

கொழும்பிலிருந்து தம்பி ஜெறோம் போனில் சிரித்தான். "ஒனக்கு என்னாத்துக்கு அக்கா ரேஸ் காரு? சின்னதா ஒரு ஓட்டோ கியர் எடு." எங்கள் தோட்டத்து ரோட்டில் அவனே அதை ஏற்றிக் காட்டட்டும்.

ஜூன் 7, சனி

சிவப்பை எங்கள் தோட்டம் வரை ஓட்டிப் பார்த்தேன். பக்கத்தில் நானா, பின் சீட்டில் அம்மா. மூச்சு வாங்காமல் ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பன்னிரண்டாம் நம்பர் மலை வளைவில் தோட்ட மனேஜர் துரையின் ஜீப் எதிரே இறங்கி வந்தது. அங்கே ஒரு வண்டிதான் போகலாம். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, கார் பழகின லேர்னர்ஸில் முதலிலேயே சொல்லித் தந்தது. ஜீப் ஒதுங்க மேலே இடமும் இருந்தது. நான் என்ன செய்தேன்? யோசிக்கவே இல்லை. ரிவர்ஸ் போட்டு, பாலம் வரைக்கும் பின்னுக்கே வந்தேன்.

கண்ணாடியில் பார்த்தேன் — அம்மா தலையைக் குனிந்திருந்தாள். முப்பது வருஷம் கொழுந்துக் கூடையோடு தண்ணி ஓடுகிற ரோட்டோரக் கானுக்குள் இறங்கி நின்று துரைமாரின் ஜீப்புக்கு வழிவிட்டவள். அவளைக் காரில் ஏற்றியும் நான் கானுக்குள்தான் இறக்கினேன்.

"ஷோக்கா ரிவர்ஸ் எடுக்கிறீங்க தங்கச்சி" என்றார் நானா. உண்மையான பாராட்டு. அதுதான் சுட்டது.

ஜூன் 8, ஞாயிறு

சிவப்பு வேண்டாம்.

ஜூன் 10, செவ்வாய்

பௌர்ணமி, போயா லீவு. வெள்ளையை இரத்தினபுரி ரோட்டில் ஓட்டினேன். நல்ல கார், குறை சொல்ல முடியாது. பின் சீட் தாராளம், அம்மா காலை நீட்டி உட்காரலாம். தினமும் ஓட இதுதான் சரி. வெள்ளை வெயிலுக்கு நல்லது. சேறு பட்டால் தெரியும் — கழுவினால் போச்சு.

"தோட்டத்துப் பக்கம் ஏத்திப் பாக்கல்லயா?" என்று நானா கேட்டார். நேரமில்லை என்றேன். நாள் முழுக்க லீவு!

ஜூன் 12, வியாழன்

வெள்ளையை எடுக்கப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "ஒங்களுக்காகத்தாம்மா. பின் சீட்டு பெருசு."

அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் எதுக்குப் பின்னாடி ஒக்காரணும்? ஒம் பக்கத்துலதான் ஒக்காருவேன்."

சொல்வதற்கு வேறு காரணம் தேடினேன். அதற்குள் அடுத்தது வந்தது.

"அந்தச் சேப்புக் காரு என்னா பாவம் பண்ணிச்சு பாப்பா? பின்னுக்கு வந்தது நீதானே?"

கோபமாக எழுந்து போனேன். அரிசி களைந்தேன், துணி மடித்தேன். என்ன செய்தும் அந்தக் கேள்வி போகவில்லை. வெள்ளையை எடுத்தால் மட்டும்? அதே ரோடு, அதே ஜீப், அதே நான்.

ஜூன் 14, சனி

சிவப்புதான். நானா சிரித்தார். "எனக்கு அண்டைக்கே வெளங்கிச்சு." எப்படியாம்? வெள்ளையை ஓட்டும்போதும் நான் சிவப்பின் கியரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேனாம்.

ஜூன் 22, ஞாயிறு

பூசை முடிந்து ஃபாதர் காருக்குத் தீர்த்தம் தெளித்தார். ஜெபமாலையை அம்மாவே மாட்டினாள். லயத்துப் பிள்ளைகள் பதினொரு பேர் ஏறி இறங்கினார்கள். சீட்டெல்லாம் மண். துடைக்கவில்லை, இருக்கட்டும்.

ஜூன் 23, திங்கள்

அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி எடுக்க டவுனுக்குக் கூட்டிப்போனேன். மாலை ஏறி வரும்போது அதே வளைவு. அதே ஜீப்.

நிறுத்தினேன். என் கை கியரில் ரிவர்ஸைத் தேடிப் போய்விட்டது. சனியன் பிடித்த கை! இழுத்து ஸ்டியரிங்கில் வைத்தேன். அம்மா பக்கத்தில், புதுக் கண்ணாடியோடு, நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீப் பின்னுக்குப் போனது. மேலே ஒதுங்கி நின்றது. அவ்வளவுதான்!

"கதவுக் கண்ணாடிய எறக்கு பாப்பா. யாருன்னு பாக்கட்டும்" என்றாள் அம்மா.

துரை இளம் ஆள், போன வருஷம் வந்தவர். அவருக்கு இது ஒரு விஷயமே இல்லை போல. "லஸ்ஸன கார் எகக்" என்று சிரித்தார். அழகான கார் என்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தலையை நிமிர்த்திச் சிங்களத்திலேயே சொன்னாள்: "மகே துவகே." என் மகளுடையது.

முதல் கியர் போட்டு ஏறினேன். தேயிலை ஸ்டோரைத் தாண்டியதும் அழுகை வந்தது. பெருமையில்தான்.

ஜூன் 24, செவ்வாய்

காலை ஆறரைக்கே அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு கார் கதவோரம் நிற்கிறாள். டவுனில் என்ன வேலை என்று கேட்டேன்.

"ஒரு வேலயும் இல்ல. சாயங்காலம் ஏறி வரணும்ல?"