விதைக்கு விட்ட சுரைக்காய்

1943, தை 16, வெள்ளி.

பள்ளி மானேஜர் சம்பளம் தந்து மூன்று மாதமாகிறது. கேட்டால், "புதுக்கோட்டையிலேருந்து கிராண்ட் வரட்டும் வாத்தியாரே" என்கிறார். அவரை அதட்ட எனக்கு வாயில்லை. மூன்றாம் வகுப்பு வள்ளியைத்தான் அதட்டினேன். வெள்ளிதோறும் பிள்ளைகள் வாத்தியாருக்குக் காய் கொண்டுவருவது வழக்கம். போன வாரம் வெறுங்கையோடு வந்தவளைப் பெஞ்சில் ஏற்றி நிறுத்தினேன்.

இன்று பெரிய சுரைக்காய் ஒன்றைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்தாள். சாயங்காலம் அவள் ஆத்தா என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அது வெதைக்கு விட்ட காயிங்க. ஒங்களுக்குப் பயந்து புள்ளை அறுத்தாந்துருச்சு. முத்தலுங்க, வேகாது."

காயைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் மடியிலிருந்த கேப்பையை முறத்தில் கொட்டினாள்.

"புள்ளையை மட்டும் நிப்பாட்டாதீங்கய்யா."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். முறத்தை நீட்டியவனே நான்தான்.