ஜெமி அனுப்பிய பதினோராம் அத்தியாயம்

திரும்பும் பயணம், நாள் 12 | 07:40

நெடுவழி விண்கலம், மாணவர் பதிவேடு. எழுதுவது தெபோரா, வயது பதினைந்து. இதைக் கண்டெடுத்து வாசிப்பவருக்கு வணக்கம். காற்றழுத்தம் சரி. கீரைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டாயிற்று. போக ஒரு வருடம், திரும்ப ஒரு வருடம் என்பது திட்டம்.

‘புதன்கிழமைக்குப் பிறகு செவ்வாய்’ நாவலை ஏழாவது முறையாக முடித்தேன். அல்லி என்ற பெண் பழைய தொலைபேசி நிலையத்து லிஃப்டில் இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்திக் காலத்தில் போகிறாள். எந்த நூற்றாண்டில் இறங்கினாலும் முதலில் பையிலிருக்கும் கொய்யாவை எடுத்துக் கடிப்பாள். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் சிரிப்பேன்.

ஒரே குறை, நூலகப் பிரதியில் பதினோராம் அத்தியாயம் இல்லை. பத்தின் முடிவில் அல்லி தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். பன்னிரண்டின் தொடக்கத்தில் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து அழுகிறாள். நடுவில் என்ன நடந்தது? பள்ளிப் பொறுப்பாளர் ஞானசிகாமணி சார், "ஃபைல் கெட்டுப்போச்சும்மா" என்கிறார். இயற்பியல் புத்தகத்தின் எட்டாம் பாடமும் அப்படியே கெட்டுப்போயிருக்கிறது.

கிளம்பிய மூன்றாம் வாரமே தங்கை ஜெமியிடம் கேட்டிருந்தேன். மூச்சிரைப்பு இருந்ததால் அவளைக் கலத்தில் சேர்க்கவில்லை. தூத்துக்குடியில் அத்தை வீட்டில் விட்டு வந்தோம். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அச்சுப் பிரதி அவளிடம் இருக்கிறது. போன வருடம் முழுவதும் அவளிடமிருந்து வந்தது ஒரே ஒரு கடிதம். "அவ சோம்பேறி, ஒனக்குத் தெரியாதா" என்றாள் அம்மா. நானும் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். கலம் திரும்பியது முதல் மூன்று நாளுக்கு ஒன்று வருகிறது. இன்று வந்தது:

"ஏக்கா, கேட்டல்லா, இந்தா மொதப் பக்கம். மாசம் ஒரு லெட்டர்தான் விடுவாங்க, அதுலயும் கொஞ்சந்தான் எழுதணும். மீதி அடுத்த மாசம். எனக்கு அரைப்பரீட்சை. நீ அங்க சொகமா கதைப்புஸ்தகம் படி."

நாள் 15 | 08:10

இரண்டாம் பக்கம் வந்துவிட்டது. விதியை எப்படியோ ஏமாற்றுகிறாள், கெட்டிக்காரி.

"கிறிஸ்மஸ் கேக்குல ஒனக்குன்னு ஒரு துண்டு வச்சிருந்தேன். எறும்பு தின்னுட்டு."

மூன்று நாளுக்கு முன்தானே அரைப்பரீட்சை என்றாள்?

நாள் 21 | 16:05

நான்காம் பக்கம். அத்தியாயம் முழுதாகிவிட்டது. அல்லிக்கு லிஃப்டில் ஒரு புதன்கிழமை மட்டுமே கழிந்திருக்கிறது. கதவைத் திறந்தவனுக்கு மீசை இருக்கிறது. யார் வேண்டும் என்று கேட்கிறான். அவன் அவளுடைய தம்பி. மிக வேகமாகப் போகிறவருக்குக் காலம் மெதுவாக நடக்கும், வீட்டில் இருப்பவர்களுக்கு வழக்கம்போல ஓடும்.

பக்கத்தின் அடியில் ஜெமி: "நாலாங்கிளாஸ் முடிஞ்சிட்டு. லீவு விட்டாச்சு."

காகிதத்தில் கணக்குப் போட்டேன். அவள் விதியை ஏமாற்றவில்லை. மாதம் ஒன்றுதான் எழுதுகிறாள். அது எனக்கு மூன்று நாளுக்கு ஒன்றாக வருகிறது. எங்கள் இரண்டு வருடத்தில் பூமியில் பத்து வருடம் போய்விடும். நாங்கள் போய் இறங்கும்போது எனக்குப் பதினாறு, ஜெமிக்குப் பத்தொன்பது.

மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் பத்தொன்பது.

நாள் 21 | 17:30 | உள்பேசிப் பதிவு

அப்பா தொடர்பு அறையின் பொறுப்பாளர். எல்லாக் கடிதங்களும் அவர் கையைத் தாண்டித்தான் வரும்.

"அப்பா, ஜெமி கடிதத்துல தேதி ஏன் இல்ல?"

"சாப்ட்டியாம்மா?"

"தேதிய எடுத்தது நீங்களா?"

"அம்மாட்ட பேசு, தெபோ."

அம்மா பேசினாள்.

"ரெண்டு வருசம்னு சொன்னீங்க."

"நமக்கு ரெண்டு வருசந்தானே."

"அவளுக்கு?"

"சொல்லியிருந்தா நீ ஏறியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

நாள் 22 | 09:00

அத்தியாயத்தைக் கலத்திலுள்ள மற்றப் பதினொரு பிள்ளைகளுக்கும் அனுப்பிவிட்டேன். சார் என் நூலக அனுமதியை ரத்து செய்தார். "சின்னப் பிள்ளைக மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சியா?" என்று என்னைக் கேட்கிறார். என்னை!

ஆறு வயது ரூத் ஒன்றுதான் கேட்டாள். "அப்ப எங்க நாய்க்குட்டி?"

நீங்களே சொல்லுங்கள் சார், நாவலில் பதில் இல்லை என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாள் 243 | 11:20

அம்மாவோடு பேசி ஏழு மாதம் ஆகிறது. கீரைக்குத் தண்ணீர் விடுகிறேன். அது ஒரு தப்பும் செய்யவில்லை.

இன்றைய கணக்குப்படி ஜெமிக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் எழுதியிருக்கிறாள்:

"எனக்கு மொதல்லயே தெரியும். நீங்க கெளம்புன அன்னைக்கே அத்த சொல்லிட்டாவ. ஒங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாவ. நீ அந்த அத்தியாயத்தக் கேட்டதும், சரி இதுலயாவது தெரிஞ்சிக்கிடட்டும்னு ஒத்த வெரலால தட்டித் தட்டி அனுப்புனேன். அப்பா கதைன்னா படிக்க மாட்டாவல்லா. இனிமே ஒன்ன அக்கான்னு கூப்பிடவா, பேரச் சொல்லவா?"

ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ரகசியத்தைக் கொடுத்துக் காவல் வைத்திருக்கிறார்கள். நான் அவளைச் சோம்பேறி என்றேன்.

கலமும் ஏறக்குறைய வெளிச்சத்தின் வேகத்தில் போவதால் என் பதில், நாங்கள் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவளைச் சேரும். என்றாலும் அனுப்பினேன். அக்கா என்றே கூப்பிடு.

நாள் 347 | 06:55

இறங்கப் பதினெட்டு நாள். ஜெமியின் கடிதம்:

"அடுத்த கலத்துல எனக்கு இடம் கெடச்சிட்டு. மூச்சிரைப்பு போயிட்டு. வர்ற மாசம் கெளம்புதேன். நீங்க வார அதே வழிதான். யாரும் எனக்காகத் தீர்மானிக்கல, நானே கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும்போது எனக்கு இருபது, ஒனக்கு இருபத்தஞ்சு. மறுபடி அஞ்சு வருசம் பெரியவ நீ. அப்ப கூப்பிடுதேன், அக்கான்னு."

பூமியில் எழுதி மூன்று மாதம் கழித்தே இந்தக் கடிதம் எங்களை எட்டியிருக்கிறது. அதாவது அவள் கிளம்பிவிட்டாள். எங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறாள்.

அப்பாவை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு நானே அனுப்பினேன்: "ஜெமி, திரும்பு. இவங்க எனக்குச் செஞ்சதையே நீயும் எனக்குச் செய்யுத. யாரு கேட்டா அந்த அஞ்சு வருசத்த? எனக்கு நீதான் வேணும்."

அப்பா சுவரோரமாக நின்றார்.

நாள் 350 | 09:13:35

இரண்டு கலங்களும் எதிரெதிரே வருகின்றன. கடக்க அரை நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது.

"நான் சொல்லிட்டுத்தானே போறேன். கோவமா? ஒனக்குப் பத்து வருசம் இருக்கு. ஆறட்டும்."

09:14:07

கடந்தது. ஜன்னலில் கறுப்பு மட்டும்.

09:14:20

அம்மா வந்து என் தோளில் கை வைத்தாள். எடுத்துவிட்டேன்.

09:14:31

ஆறாது, ஜெமி. வந்து பாரு.